நாயனக்காரர் சங்கமும் ஒத்துக்காரர் தலைமையும்

நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் உரிய இத்திங்கள் இதழில் நாயனக்காரரைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று அன்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். பொருந்தும் என்றே கருதுகிறேன். நம் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுவது அவர்கள் வாசிப்பில். நம் ஊர்க் கோயிலில் சுவாமி புறப்பாடு நடப்பதும் அவர்கள் வாசிப்பில். அந்த முகூர்த்தப் புடவையை நெய்தவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர். பந்தலில் கட்டிய வாழையை விளைவித்தவரும் அவ்வாறே. கெட்டிமேளம் கொட்டியவர் மட்டும் சங்கம் ஏதுமின்றித் தனித்து நிற்கிறார். அவர் ஏன் தனித்து நிற்கிறார், அவரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தால் அதற்குத் தலைமை தாங்கத் தக்கவர் யார் என்னும் இரண்டு கேள்விகளையே ஈண்டு ஆராய முற்படுகிறேன்.

சென்ற மார்கழியில் அலுவல் நிமித்தமாக மதுராந்தகம் வட்டாரத்துக் கிராமங்களுக்குச் சென்றிருந்தேன். வேடந்தாங்கலில் வேலை முடிந்து ஏரிக்கரையில் நின்றபோது, சுற்றுக் கிராமங்களிலிருந்து நாயனமும் தவிலும் வாசிப்போர் சுமார் பதினைந்து பேர் என்னைக் காண வந்தனர். மார்கழியில் கல்யாணம் இல்லை. விடியற்காலைக் கோயில் சேவகம் முடிந்தால் பகல் முழுவதும் ஓய்வே. சிலர் கோயிலிலிருந்து நேரே வந்தமையால் வாத்தியங்களை உறையுடன் தோளில் மாட்டியிருந்தனர். நான் கேட்கும் ஆவலில் ஒரு கீர்த்தனை வாசிக்கலாமே என்றேன். மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஏரியைக் காட்டினார். நீரில் நின்ற கடம்ப மரங்களில் நத்தைகொத்தி நாரையும், நீர்க்காகமும், அரிவாள் மூக்கனும் கிளை தெரியாதபடி கூடு கட்டியிருந்தன. “இங்கே தீபாவளிக்கே வெடி வெடிக்கமாட்டோம் சார். குஞ்சு பொரிக்கிற காலத்தில் நாயனம் ஊதலாமா?” என்றார் அவர்.

பிறகு அவர்கள் வந்த காரியத்தைச் சொன்னார்கள். தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எல்லாவற்றிலும் உடன்பாடு கண்டுவிட்டார்கள். தலைவர் யார் என்பதில்தான் மூன்று மாதமாக இழுபறி. வித்துவான்களில் சிறந்தவரையா, வசதியுள்ளவரையா, வெளியூரில் செல்வாக்குள்ள ஒருவரையா என்று ஆளுக்கொரு பக்கம் நின்றனர். என் அபிப்பிராயத்தைக் கேட்டனர். எனக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. காரணம், சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு நான் சொன்ன விடை ஒரு சங்கத்தையே மூடச் செய்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தொழிலின் இயல்பு

நாகசுரம் என்றும் நாதசுரம் என்றும் வழங்கும் இக்கருவியை நம் பக்கத்தில் நாயனம் என்பர். இதன் உயிர் சீவாளியில் இருக்கிறது. கொறுக்கந்தட்டை என்னும் நாணலை வெட்டி, நாட்பட உலர்த்தி, வேகவைத்துப் பதப்படுத்தி, நறுக்கி, நூலால் கட்டிச் சீவாளி செய்கிறார்கள். அதன் இரண்டு இதழ்களுக்கும் இடையே காற்றுப் புகுந்து, இதழ்கள் அதிர்ந்து நாதம் பிறக்கிறது. முகவீணையும், வடநாட்டு ஷெனாயும், மேனாட்டு ஓபோவும் பசூனும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சீவாளியைக் கெண்டை என்னும் உலோகக் குழலில் பொருத்தி, அதனை உலவு என்னும் மரக்குழலில் செருகுவர். அடியில் விரிந்து நிற்பது அணசு. நாயனத்தோடு கயிற்றில் நாலைந்து சீவாளிகளும், அவற்றைச் சரிசெய்யும் ஊசியும் தொங்குவதை அனைவரும் பார்த்திருப்போம். அது அலங்காரம் அன்று. ஒரு சீவாளி வாசிப்பின் நடுவே சோர்ந்தால் மற்றொன்று வேண்டும். தறிக்கு நூல் எப்படியோ, நாயனத்துக்குச் சீவாளி அப்படி.

ஒரு மேளம் என்பது தனி ஆள் அன்று. நாயனம் வாசிப்போர் இருவர், தவில் வாசிப்போர் இருவர், தாளம் போடுபவர் ஒருவர், ஒத்து ஊதுபவர் ஒருவர் என அமைவது பழைய முறை. இவர்களுள் ஒத்துக்காரரைப் பற்றிச் சற்று விளக்குவது அவசியம். ஒத்து பார்வைக்கு நாயனம் போலவே இருக்கும். அதற்கும் சீவாளி உண்டு. ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் இல்லை. ஆதார சுருதியாகிய ஒரே சுரத்தை, மூச்சு இடையறாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கி, மணிக்கணக்கில் ஊதிக்கொண்டிருப்பதே அவர் வேலை. மாணாக்கனாகச் சேரும் சிறுவன் பெரும்பாலும் முதலில் ஒத்தைப் பிடித்துத்தான் நாயனத்துக்கு வருவான். இக்காலத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தபின் பல மேளங்களில் ஒத்துக்காரருக்கு இடமில்லாமற் போய்விட்டது.

இத்தொழிலின் வருமானம் விவசாயியின் வருமானத்தை ஒத்தது. முகூர்த்த மாதங்களில் ஓய்வில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வரும்படி இல்லை. விதைப்புக் காலத்தில் விவசாயி கடன் வாங்குவதுபோல, ஆடியில் நாயனக்காரர் கடன் வாங்குகிறார். கடன் கொடுப்பவர் பல இடங்களில் கல்யாணத்துக்கு மேளம் பேசிவிடும் தரகரே. ஆடியில் வாங்கிய முன்பணத்துக்காக ஆவணியில் அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்ன தொகைக்கு வாசிக்க வேண்டியதாகிறது. நூலை வாங்கிய இடத்திலேயே சேலையைக் கொடுத்தாக வேண்டும் என்று கட்டுப்பட்டிருந்த நெசவாளர்களின் பழைய நிலையே இது. அந்நிலையை மாற்றத்தான் நாம் நெசவாளர் சங்கங்கள் கண்டோம். 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதன் நோக்கமும் அதுவே.

இத்துடன் புதிய தொல்லைகளும் சேர்ந்துள்ளன. கல்யாண மண்டபங்களில் கேரளத்துச் செண்டை மேளத்துக்கு மவுசு. மற்றோரிடத்தில் பதிவுசெய்த இசையை ஒலிபெருக்கியில் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். இவற்றைத் தடுக்க எவராலும் இயலாது. தடுக்க நினைப்பதும் நியாயமன்று. ஆயினும் தனித்தனியே நின்று விலையைக் குறைத்துக்கொண்டே போவதற்கும், சேர்ந்து நின்று தரத்தைக் காப்பதற்கும் வேறுபாடு உண்டு.

நரசிங்கம்பேட்டை காட்டும் வழி

இத்துறையில் கூட்டுறவு புதிதன்று. தஞ்சை மாவட்டத்தில் கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாயனம் கடையும் ஆசாரிமார் பரம்பரையாக வாழ்கின்றனர். ஆச்சா மரத்தில்தான் உலவு கடைவார்கள். அதுவும் பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து, பல பத்தாண்டுகள் காய்ந்த மரமே உகந்தது. புது மரம் காய்ச்சலில் வெடிக்கும், சுருதி நிற்காது. முன்காலத்தில் நாலு கட்டைக்கு மேற்பட்ட சுருதியில் திமிரி என்னும் குட்டை நாயனமே பெரிதும் வழங்கியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியாருடன் கலந்து, நீண்டதும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதி உடையதுமான பாரி நாயனத்தை உருவாக்கச் செய்தார். பாட்டுக் கச்சேரிக்கு நிகராக நாயனக் கச்சேரி மேடை ஏறுவதற்கு அந்த மாற்றம் பெருந்துணை புரிந்தது. கடைபவரும் வாசிப்பவரும் ஒருவர் குறையை மற்றவர் காதுகொடுத்துக் கேட்டதன் பயன் அது.

2022-ல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தது தஞ்சாவூரிலுள்ள இசைக்கருவித் தொழிலாளர்களின் கூட்டுறவுக் குடிசைத்தொழில் சங்கம் என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். எந்தத் தனி ஆசாரியும் தம் பெயரில் அதைப் பெற்றிருக்க முடியாது. ஊரின் பெயர் ஊரார் எல்லோருக்கும் பொது. பொதுச்சொத்துக்கு உரிமை கேட்கப் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும். கருவி செய்வோருக்குச் சங்கம் துணைநின்றது. அக்கருவியை வாசிப்போருக்கு அத்தகைய சங்கம் ஏன் ஊர்தோறும் அமையவில்லை?

அயல்நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. ஓபோ, பசூன் முதலிய இரட்டை நாக்குக் கருவிகளை வாசிப்போர் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு சங்கம் கண்டு, பின்னர் அதைப் பல நாட்டவர்க்கும் உரியதாக வளர்த்தனர். ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறார்கள், பத்திரிகை நடத்துகிறார்கள். அவர்கள் ஓயாமல் பேசும் பொருள் என்ன? நாணல்தான். தென் பிரான்சில் வார் பகுதியில் விளையும் நாணலுக்கு அவர்களிடையே தனி மதிப்பு. அதைச் சீவும் கத்தி, கட்டும் நூல், இதழின் கனம் என்று இவற்றையே மணிக்கணக்கில் ஆராய்கின்றனர். பெரிய வித்துவானும் நேற்றுத் தொடங்கிய மாணவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசக்கூடிய பொருள் அது. சங்கத்துக்கு அத்தகைய பொதுப்பொருள் ஒன்று வேண்டும்.

என் பிழை

இனி நான் முன்னர்ச் சொன்ன அனுபவத்துக்கு வருகிறேன். வேறொரு பகுதியில் நான் பணியில் சேர்ந்த புதிது. அங்கே நாயன, தவில் கலைஞர்கள் சிலர் சங்கம் அமைக்க விரும்பினர். அவர்களுள் ஒருவர் சிறந்த வித்துவான். வெளி மாவட்டங்களிலும் பெயர் பெற்றவர். அவர் தலைவரானால் அந்தப் பெயருக்காகவே எல்லோரும் வந்து சேர்வார்கள் என்று நான் சொன்னேன். பட்டம் பெற்று வந்த எனக்கு அது பெரிய யோசனையாகத் தோன்றிற்று. அவரோ வேண்டாம் என்று மறுத்தார். நான்தான் வற்புறுத்தி இணங்க வைத்தேன்.

முதலாண்டில் சங்கத்தின் பெயரில் மொத்தமாகச் சீவாளி வாங்கப்பட்டது. தலைவரே தேர்ந்தெடுத்து வாங்கினார். தரத்தில் குறை சொல்ல முடியாத சரக்கு. ஆனால் அவை அனைத்தும் அவர் வாசிக்கும் பாரி நாயனத்துக்கு ஏற்றவை. அங்கத்தினரில் பலர் இன்னமும் குட்டை நாயனமே வைத்திருந்தனர். அவர்கள் கருவிக்கு அவை பொருந்தவில்லை. “எனக்கு இது எதற்கு?” என்று அவரிடம் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை, குருவின் ஸ்தானத்தில் இருப்பவரிடம் குறை சொல்வதா என்று வாளாவிருந்தனர். தணிக்கைக்கு நான் போனபோது சீவாளிகள் பெட்டியில் கிடந்து காய்ந்திருந்தன. பங்குத்தொகையில் பெரும்பகுதி அப்பெட்டிக்குள் இருந்தது.

இரண்டாமாண்டில் வேறொரு சங்கடம். கல்யாண வீட்டார் சங்கத்தைத் தேடி வருவதாக நினைத்துத் தலைவர் வீட்டுக்கே வந்தனர். அவரும் வழக்கம்போல் தம் குழுவினரை அழைத்துக்கொண்டு போனார். அதில் வஞ்சகம் ஏதுமில்லை. வந்தவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் வந்தார்கள். ஆனால் மற்றவர்கள், சங்கம் என்பது அவருக்கு வேலை தேடித் தரும் தரகர் கடை என்று பேசத் தொடங்கினர். தவில்காரர்கள் முதலில் விலகினர், தாளக்காரர்கள் பிறகு. மூன்றாம் ஆண்டு மகாசபைக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை கூடவில்லை. சங்கம் கலைந்தது.

கடைசிக் கணக்கை முடிக்கப் போன அன்று அவர் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. “நான் வாசிக்கத் தெரிந்தவன் தம்பி. வாசிக்க விடாமல் என்னை ஏன் நாற்காலியில் உட்கார வைத்தீர்கள்?” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தம். அச்சங்கம் கலைந்ததற்கு அவர்மேல் பழி விழுந்தது. உண்மையில் பிழை என்னுடையது. திறமை வேறு, தலைமை வேறு என்பதை நான் அறியாதிருந்தேன்.

ஒத்து கற்பிக்கும் பாடம்

‘ஒத்து ஊதுகிறான்’ என்று நம்மவர் இழிவாகச் சொல்வதுண்டு. பிறர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவன் என்பது பொருள். இந்தப் பழமொழியை உண்டாக்கியவர் ஒத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்கமாட்டார். ஒத்துக்காரர் நாயனக்காரரைப் பின்பற்றுவதில்லை. நாயனக்காரர் எங்கெங்கு சஞ்சாரம் செய்தாலும் ஒத்து தன் சுரத்தை விட்டு அசைவதில்லை. ராகம் மாறும், தாளம் மாறும், பல்லவி வேகம் கொள்ளும், ஒத்து மாறாது. வித்துவான் தாம் சரியாக இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வது அதை வைத்துத்தான். அது நன்றாக இருக்கும்போது ஒருவர் காதிலும் தனியாக விழுவதில்லை. ஒரு கணம் நின்றால் பந்தலில் உள்ள அனைவர்க்கும் தெரிந்துவிடும்.

கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் இப்படித்தான் இருக்க வேண்டும். துணைவிதியே சங்கத்தின் ஆதார சுருதி. அதை யாருக்காகவும் ஏற்றாமலும் இறக்காமலும் பிடித்துக்கொண்டிருப்பவரே தலைவர். தம் பெயர் முன்னே வரவேண்டும் என்னும் ஆசை அவருக்குக் கூடாது. கூட்டம் குறித்த நாளில் கூட வேண்டும். தீர்மானம் அன்றன்றே புத்தகத்தில் ஏற வேண்டும். ரொக்கம் பாங்கியில் இருக்க வேண்டும். சுவையற்ற காரியங்களே இவை. ஆயினும் இவை நின்றால் சங்கம் நிற்காது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் அதே ஒரு வாக்குத்தான். நெசவாளர் சங்கத்தில் இதை எளிதில் ஏற்றுக்கொண்டோம். கலைஞர்களிடையே இது கடினம். நாற்பதாண்டு சாதகம் செய்த வித்துவானுக்கும் தாளம் போடும் இளைஞனுக்கும் சமவாக்கு என்றால் மனம் ஒப்புவதில்லை. அவர்களிடம் நான் சொல்வது இது: வாக்கில் சமம் என்றால் கலையில் சமம் என்று பொருளன்று. மேடையில் அவரவர் தகுதிக்கேற்ற இடம். மகாசபையில் ஒரே பாய். மேடை முறையை மகாசபைக்கும், மகாசபை முறையை மேடைக்கும் கொண்டுவந்தால் இரண்டும் கெடும்.

எதில் தொடங்குவது?

1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கடை வைத்ததை நம் பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறோம். அவர்களுள் பலர் நெசவாளர்கள். உலகைத் திருத்தும் பெரிய திட்டங்கள் அவர்களிடம் இருந்தன. ஆனால் கடையில் முதல்நாள் வைத்தது வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி போன்ற அன்றாடப் பொருள்களே. நம் நாட்டில் 1904-ல், அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் ஏற்பட்ட முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கமும் சிறு கடனில்தான் தொடங்கிற்று. ஆகவே நாயனக்காரர் சங்கமும் மாநாட்டில் தொடங்காமல் சீவாளியில் தொடங்குதல் நன்று. அங்கத்தினர் ஒவ்வொருவரும் எக்கட்டைக் கருவி வைத்திருக்கிறார் என்று பட்டியல் எடுத்து, அந்தந்த அளவுக்குத் திருவாவடுதுறை போன்ற இடங்களில் மொத்தமாக வாங்கலாம். நான் அன்று செய்யத் தவறியது இந்தப் பட்டியலைத்தான்.

இரண்டாவது, சேமிப்பு. உதாரணமாக 30 அங்கத்தினர். ஒவ்வொருவரும் முகூர்த்தத்துக்கு 50 ரூபாய் சங்கத்தில் சேர்க்கிறார். ஆண்டுக்கு 40 முகூர்த்தம் என்று வைத்துக்கொண்டால், 60,000 ரூபாய் சேரும். பெருந்தொகையன்று. ஆனால் ஆடியில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அரிசிக்கும், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் தரகரிடம் போகாமல் இருக்க இது போதும். ஒரு முறை முன்பணம் வாங்காமல் இருந்தால், அவ்வாண்டு முழுவதும் தம் வாசிப்புக்குத் தாமே விலை சொல்லலாம்.

மூன்றாவது, அழைப்புப் பதிவேடு. இதில்தான் சண்டை பிறக்கும். எனவே முன்கூட்டியே விதி வகுத்துக்கொள்ள வேண்டும். இன்ன வித்துவான்தான் வேண்டும் என்று பெயர் சொல்லி வரும் அழைப்பு அவருக்கே உரியது, சங்கம் குறுக்கிடலாகாது. பெயர் சொல்லாமல் ஒரு மேளம் வேண்டும் என்று வரும் அழைப்பு முறைவைத்துப் போக வேண்டும். இரண்டிலும் சங்கத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரே விகிதம் இருத்தல் வேண்டும். பதிவேடு தலைவர் வீட்டில் இருத்தல் ஆகாது. தாளக்காரர்க்கும் ஒத்துக்காரர்க்கும் உரிய பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். ஊருக்கு ஊர் வழக்கம் வேறாக இருப்பினும், எழுதப்படாத பங்கு குறைந்துகொண்டே போகும் என்பது எங்கும் ஒன்றே.

நான்காவது, மாணாக்கர். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. படித்து வெளிவரும் பிள்ளைக்கு முதல் வேலை எங்கே? எந்த மேளத்தில் அவர் சேர்வார்? பரம்பரையில் பிறவாத பிள்ளைகளும் பெண்களும் இக்கலைக்கு வருகிறார்கள். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயி பெண்களாலும் இக்கருவியை ஆள முடியும் என்பதை மேடையில் நிலைநாட்டிச் சென்றார். இவர்களுக்குக் கதவு திறந்துவிட வேண்டியது சங்கத்தின் கடமை. திறந்த அங்கத்துவம் என்பது கூட்டுறவின் முதற்கொள்கை என்பதை மறத்தல் கூடாது.

சிலர், அரசின் நலவாரியம் இருக்கிறதே, சங்கம் எதற்கு என்று கேட்கிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் 2007-ல் அமைந்தது. இயல் இசை நாடக மன்றமும் உதவிகள் செய்கிறது. அவற்றைத் தகுதியுள்ளோர் அனைவரும் பெற வேண்டும். விண்ணப்பம் எழுதித் தருவதும் சங்கம் செய்யத் தக்க பணியே. ஆனால் வாரியம் தருவது உதவி. சங்கம் தருவது கைப்பிடிப்பு. முகூர்த்தத்துக்கு விலை பேசும் இடத்தில் வாரியம் வந்து நிற்காது. சங்கம் நிற்கும்.

ஏரிக்கரையில் ஒரு முடிவு

வேடந்தாங்கல் நிகழ்ச்சிக்குத் திரும்புகிறேன். நான் என் பிழையை மறைக்காமல் சொன்னேன். கேட்டவர்கள் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர் அம்மூத்தவர்தாம் ஏரியின் கதையை எடுத்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இப்பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டுக்குப் போய்க் கலெக்டரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு 1798-ல் லயனல் பிளேஸ் என்னும் கலெக்டர் ஊராருக்குக் கவுல் கொடுத்தார். அது 1858-ல் புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் சரணாலயம் என அரசு அறிவித்தது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஊரார் தருமத்துக்காக மட்டும் காக்கவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது. எல்லோர் வயலுக்கும் அது பாய்கிறது. ஆகவே எல்லோரும் வெடியை அடக்கிக்கொள்கிறார்கள்.

“இதற்குத் தலைவர் யாரென்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது சார். ஆனால் ஒருவரும் வெடி வெடிப்பதில்லை” என்றார் அவர்.

கூட்டுறவைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. ஆயினும் ஒன்றை நான் சேர்த்துச் சொன்னேன். “பெரியவரே, ஊராரின் கட்டுப்பாடு மட்டும் போதவில்லை. சிப்பாய் வந்தபோது ஒரு கவுல் வேண்டியிருந்தது. அதைக் கேட்டு வாங்கச் செங்கற்பட்டு வரை யாரோ நடந்திருக்கிறார்கள். நமக்கும் எழுத்து வேண்டும், நடப்பதற்கு ஆளும் வேண்டும்” என்றேன். மனுக்கொடுக்கவும் பாராட்டு விழா நடத்தவும் மட்டுமாயின் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் போதும். பங்கு சேர்த்துக் கடனும் வாணிபமும் செய்வதாயின் 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் வர வேண்டும் என்பதையும் விளக்கினேன்.

அப்போது கூட்டத்தில் பின்வரிசையிலிருந்த ஓர் இளைஞர், “அப்படியானால் எங்கள் மாமாவையே தலைவராகப் போடலாமே” என்றார். மாமா என்று அவர் காட்டியது, ஏரியின் கதையைச் சொன்ன அதே மூத்தவரை. அவர் என்ன வாசிக்கிறார் என்று நான் அதுவரை கேட்கவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் ஒத்து ஊதியவராம். சுருதிப்பெட்டி வந்தபின் வேலை குறைந்து, இப்போது தாளம் மட்டும் போடுகிறாராம். மேளம் போன இடத்திலெல்லாம் கூலியைப் பங்கிட்டுக் கொடுப்பது அவர் வழக்கம். அதில் ஒரு ரூபாய்த் தகராறு வந்ததில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவரோ, “எனக்குக் கணக்கு எழுதத் தெரியாது. வித்துவான்கள் இருக்கும்போது நான் உட்காருவதா?” என்று கூசினார். கணக்கு எழுதக் காரியதரிசியை நியமிக்கலாம். கற்றுக்கொடுக்க நான் வருகிறேன் என்றேன். கூட்டத்திலிருந்த மூத்த நாயனக்காரர் எழுந்து, “சுருதி சேர்த்த பிறகுதானே அண்ணே நாங்கள் வாசிக்க முடியும்; நீங்கள் உட்காருங்கள்” என்றார்.

சங்கம் இதனை எழுதும் நாள்வரை பதிவாகவில்லை. பங்குத்தொகை சேர்ந்துகொண்டிருக்கிறது. அங்கத்தினர்களின் கருவிகளைக் கட்டைவாரியாகக் குறித்த பட்டியல் முடிந்துவிட்டது. முகூர்த்த மாதங்கள் வந்தால் கூட்டத்துக்கு ஆள் சேராது என்று அஞ்சுகிறேன். முன்பணம் கொடுத்தவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். நிச்சயம் வெற்றி பெறும் என்று ஒருமுறை சொல்லிக் கெட்டவன், மறுமுறை அவ்வாறு சொல்லத் துணியேன்.

ஆனால் நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரில் நாயனக்காரர் நாலுபேர் இருந்தால் அவர்களை உங்கள் சங்க மகாசபைக்கு ஒருநாள் அழையுங்கள். திறப்பு விழாவில் வாசிக்க அழைத்து, தேங்காய் மூடியோடு அனுப்பிவிடுதல் போதாது. உட்கார வைத்து, தீர்மானப் புத்தகம் எப்படி எழுதப்படுகிறது, சேமநிதி எப்படி ஒதுக்கப்படுகிறது, தணிக்கையில் என்ன கேட்பார்கள் என்பதைக் காட்டுங்கள். உங்கள் காரியதரிசி ஞாயிறுதோறும் ஒருமணி நேரம் அவர்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால், அது எந்த நன்கொடையிலும் பெரிது. கல்யாணத்துக்கு மேளம் பேசும்போது தரகரிடம் போகாமல் அவர்களிடமே நேரில் பேசுங்கள். தறியிலும் வயலிலும் நாம் கற்றதைப் பக்கத்துத் தெருவுக்குச் சொல்லாமல் இருந்தால், நாம் கூட்டுறவைப் பாதிதான் கற்றவர்கள் ஆவோம்.